ஏசி பிடிக்கல

புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அந்தக் கார் ஷெட்டில் இருந்தவர்கள்:

ஸ்டெனோ. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து. இப்போது காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கிறாள்.

வாய். ஸ்டெனோவின் உதவியாள். பதினொரு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்டரில் நின்றவன். பட்டப்பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

கூலிங்கின் மனைவி. தையல் வேலை. நேற்று மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை.

காண்டிராக்டர். வீடு, ஷெட், கார் மூன்றும் இவருடையவை.

ஒரு வெள்ளைக் கார். மூக்கு பின்சுவரைப் பார்த்தபடி.

ஸ்டெனோ தன் நோட்டில் எழுதிய பட்டியல் இவ்வளவுதான். அதில் ஓர் ஆள் குறைவு. அது தெரிய அரை மணி நேரம் ஆனது.

*

கூலிங் என்பது ஊர் வைத்த பெயர். வண்டி ஏசி பார்க்கிற மெக்கானிக். கடை கிடையாது. தோளில் ஒரு பை, பைக்குள் கேஜ், ஹோஸ், ஸ்பேனர். கூப்பிட்ட வீட்டுக்குப் போவான். செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு இந்த வீட்டுக்கு வந்தான். பதினொன்று நாற்பதுக்கு மனைவிக்கு போன் செய்தான். அதன்பிறகு போன் அணைந்துவிட்டது. ஆள் வீடு திரும்பவில்லை.

காண்டிராக்டர் தன் பங்கைச் சொன்னார். அவசரமே இல்லாத குரல்.

"வந்தார். பார்த்தார். கேஸ் கம்மியா இருக்குன்னு கேஸ் அடிச்சார். ஏசி ஜில்லுனு ஆயிடுச்சு. பஸ் ஸ்டாண்டுல விடறேன்னு நானே கார்ல ஏத்திக்கிட்டேன். பாதி வழியில, 'சார், எனக்கு ஏசி பிடிக்காது, நடந்துக்கறேன்'னு இறங்கிட்டார். வீட்டுக்கும் போன்ல அதைத்தான் சொல்லியிருக்கார். போலீஸ் பேப்பர்லயே இருக்கே. நேத்து சாயந்திரம் வந்து காட்டினாங்க."

"ஏசி மெக்கானிக்குக்கே ஏசி பிடிக்காதா சார்?" என்றான் வாய்.

"ஸ்வீட் கடைக்காரன் ஸ்வீட் தின்பானா?"

"தின்பான் சார். இல்லாட்டி அந்தத் தொப்பை எங்கேருந்து வருது?"

காண்டிராக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். ஆறடிக்குக் குறையாத உடம்பு. வந்ததிலிருந்து அவர் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. காரின் மூக்குக்கும் பின்சுவருக்கும் நடுவே நாலடி இடைவெளி. அந்தச் சுவரின் இடது ஓரத்தில் ஒரு மரக்கதவு. கதவில் அமுக்குப் பூட்டு ஒன்று தொங்கியது. யார் எந்தப் பக்கம் நகர்ந்தாலும், அவர் அந்தக் கதவுக்கும் அவர்களுக்கும் நடுவே வந்து நின்றார். தற்செயலாக நிற்பதுபோலத்தான் இருந்தது.

"வண்டியைப் பார்த்துக்கலாமா சார்?" என்று கேட்டாள் ஸ்டெனோ.

"தாராளமா." சாவியை நீட்டினார்.

அந்தத் தாராளம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாய் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினான். "ஒரு ஆள் உள்ள உக்காரணும். சுவிட்ச் போட."

"நான் உக்காந்துக்கறேன் அண்ணா. எனக்குப் பழக்கம்." கூலிங்கின் மனைவி டிரைவர் சீட்டில் ஏறி, கை பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். கைகள் செய்யவேண்டியதை வரிசையாகச் செய்தன. "பானட் தூக்கிட்டா முன்னாடி ஒண்ணும் தெரியாது. இன்ஜின் சத்தத்துல பேசினா சரியா கேக்காது. அதனால அவர் தட்டுவார். ஒரு தட்டுன்னா ஏசி போடு. ரெண்டு தட்டுன்னா நிறுத்து. மூணுன்னா ரேஸ் குடு."

"நாலுன்னா?"

"நாலு கிடையாது அண்ணா."

"கொடுத்து வெச்ச குடும்பம். எங்க வீட்ல எல்லாத்துக்கும் ஒரே தட்டுதான். என் தலையில."

அவள் உதடு லேசாக அசைந்தது. காலையிலிருந்து அவள் முகத்தில் வந்த முதல் அசைவு அது.

இன்ஜின் ஓடியது. வாய் காரின் இரும்பில் ஒரு தட்டு தட்டினான். அவள் சுவிட்சைப் போட்டாள்.

டிக்.

"பிடிச்சிருச்சு," என்றான் வாய்.

ஸ்டெனோ குனிந்து பார்த்தாள். அவன் விரலை நீட்டிக் காட்டினான். "இந்தச் சக்கரம் பெல்ட்டோட சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கும் முன்னாடி ஒரு பிளேட். சுவிட்ச் போட்டா உள்ள இருக்கற காந்தம் பிளேட்டை இழுத்துச் சக்கரத்தோட ஒட்டிரும். அந்தச் சத்தம்தான் டிக். ஒட்டினா கம்ப்ரஸர் சுத்தும், ஜில்லுனு வரும். ஒட்டலைன்னா வெறும் காத்து. கல்யாணம் மாதிரிதான் அக்கா. பக்கத்துல பக்கத்துல இருந்தா போதாது."

காருக்குள் குளிர்ந்த காற்று வந்தது. கூலிங்கின் மனைவி முகத்தில் அது பட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. ஏசி வேலை செய்தால் அவன் வேலையை முடித்துவிட்டான் என்று அர்த்தம். முடித்துவிட்டால் இங்கிருந்து போய்விட்டான். போனவன் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் குளிர் அவளைப் பயமுறுத்தியது.

"சொன்னேன்ல மேடம்?" காண்டிராக்டர் குரலைத் தாழ்த்தினார். "ஆம்பளைங்க சில சமயம் எல்லாத்தையும் வீட்ல சொல்றதில்ல. அந்தப் பொண்ணுகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க வாக்குமூலத்தை எழுதிக்கறேன். இன்ஜின் ஓடட்டும்."

"அது எதுக்கு ஓடணும்?"

"கோர்ட்டுல ஃபேன் சத்தத்துலயே எழுதிப் பழகிட்டேன். நிசப்தமா இருந்தா கை ஓடாது."

அவள் நோட்டைத் திறந்தாள். நிமிஷத்துக்கு நூற்றைம்பது வார்த்தை எழுதிய கை அது. இப்போது ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுதியது. எத்தனை மணிக்கு வந்தான், எந்தப் பக்கம் நின்றான், பை என்ன நிறம். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தையை அடித்தாள். மறுபடி கேட்டாள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"பெட்ரோல் வீணாகுது மேடம்."

"அக்கா எழுதற வேகத்துக்கு டேங்க் காலியாயிரும் சார்," என்றான் வாய் காருக்கு அடியிலிருந்து. "கோர்ட்டுப் பழக்கம். வாய்தா வாங்காம ஒரு வரி நகராது."

"நீ அங்க கீழ என்ன பண்றே?"

"நாணயம் விழுந்துருச்சு சார்."

அவன் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு ஸ்டெனோவிடம் வந்தான். நோட்டை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தான்.

"சிரிச்சுக்கிட்டே கேளுங்க அக்கா."

அவள் சிரித்தாள்.

"முன் பம்பர் புதுசு. டூப்ளிகேட். நானே நூறு வித்திருக்கேன், க்ளிப் ஒண்ணுகூட ஒழுங்கா உக்காராது. உள்ள இரும்புச் சட்டம் பின்னாடி தள்ளியிருக்கு. கம்ப்ரஸர் பக்கத்துல ஒரு சிவப்புத் துண்டு சிக்கிக்கிட்டு நிக்குது. சைக்கிள் பின்னாடி மாட்டற ரிஃப்ளெக்டர். கீழ படுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

ஸ்டெனோ சிரித்துக்கொண்டே இருந்தாள். கன்னம் வலித்தது. பன்னிரண்டு நாள் முந்தைய பேப்பரில் நாலே வரி. புறவழிச் சாலை. டியூட்டி முடிந்து விடியற்காலை சைக்கிளில் வீடு திரும்பிய காவலாளி. மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம். ஆள் அங்கேயே முடிந்துவிட்டான்.

காலையில் அவள் நோட்டில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள். இவ்வளவு விலையுள்ள கார் வைத்திருப்பவர் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல், பை தூக்கி வருகிற மெக்கானிக்கை ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டார்? இப்போது அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் பம்பரைக் கவனித்துவிடுவார்கள். வெயில் தாங்காமல் ஏசிக்கு வீட்டுக்கே ஆள் கூப்பிட்டிருக்கிறார். வந்தவன் கம்ப்ரஸரைப் பார்க்க கீழே படுத்திருக்கிறான்.

"என்ன மேடம், ஜோக்கா?" காண்டிராக்டர் கேட்டார். ஒரு அடி கிட்ட வந்திருந்தார்.

"இவன் வீட்டு விஷயம் சார். இவன் பொண்டாட்டி இவனை எங்கயோ தொலைச்சுட்டு வரச் சொல்லியிருக்கா."

"எனக்கும் அந்த ஆசைதான் சார், இப்பவே," என்றான் வாய். அவன் குரல் சற்று மேலே ஏறி இறங்கியது. அவனுடைய எந்த ஜோக்கிலும் இதுவரை இவ்வளவு உண்மை இருந்ததில்லை.

ஸ்டெனோ கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிஷம். பானட்டுக்குள்ளிருந்து சூடு அலையாக வந்தது. காண்டிராக்டர் நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

டிக்.

இந்த டிக் வேறு. ஒட்டியது விட்டுக்கொண்ட சத்தம். இன்ஜின் இலகுவானதுபோல ஒரு மூச்சு விட்டு ஓடியது.

"அண்ணா," உள்ளிருந்து குரல். "காத்து சூடா வருது."

 பிறகு வாய் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையால் சுற்றுகிற சக்கரத்தின் முன் பிளேட்டை மெல்ல உள்ளே அழுத்தினான். டிக். ஒட்டியது. குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி விட்டுக்கொண்டது.

"கேஸ் ஃபுல்லா இருக்கு அக்கா. கேஸ் இல்லாட்டி அழுத்தினாலும் ஜில்லுனு வராது. பிளேட் வளைஞ்சிருக்கு. இடைவெளி அதிகம். காலையில இன்ஜின் ஆறியிருக்கறப்ப காந்தம் எப்படியோ இழுத்துரும். சூடானா காந்தம் சோர்ந்து போயிரும், எட்டாது. நேத்துக் கேட்டப்ப போலீஸ் கேஸ் இல்லைன்னுச்சு. கம்ப்ரஸர் கேஸ் இருக்குங்குது."

"ஆஃப் பண்ணுங்க," என்றார் காண்டிராக்டர். "போதும்."

"ஒரே ஒரு வரி பாக்கி சார்." ஸ்டெனோ நோட்டின் இரண்டு பக்கங்களை விரித்துப் பிடித்தாள்.  "நேத்து கூலிங் போன்ல பேசினது மூணே வாக்கியம். இன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல அப்படியே எடுத்தேன். 'ஏசி பிடிக்கல. லேட்டாகும். நீ சாப்பிடு.' இது இந்தப் பக்கம். ஸ்டேஷன்ல இந்தப் பொண்ணோட புகாரை எழுதினவர் பேச்சை அப்படியே எழுதலாமா? மரியாதையா எழுத்து நடையில எழுதியிருக்கார். 'எனக்கு ஏசி பிடிக்கவில்லை' என்று. இது அந்தப் பக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

"ஒரு வார்த்தை கூட இருக்கு சார். 'எனக்கு.' அது எழுதினவரோட சொந்தச் சரக்கு. மெக்கானிக் வீட்ல 'ஏசி பிடிக்கல'ன்னா, விருப்பமில்லைன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. இதோ, இப்ப விட்டுச்சே, அதுக்குப் பேர்தான் பிடிக்கலங்கறது. வேலை இன்னும் முடியலை, லேட்டாகும், நீ சாப்பிடுன்னு சொல்லியிருக்கார். அந்த 'எனக்கு' கூலிங் வாயில வரவே இல்லை. உலகத்துல ஒரே ஒரு காகிதத்துலதான் இருக்கு. நீங்க அதைக் கூலிங் வாயாலே கேட்டதா சொல்றீங்க."

காண்டிராக்டர் மரக்கதவுப் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

"நேர்ல கேட்டவர் தப்பாக் கேட்டிருக்கலாம். ஆனா எழுதினவரோட அதே தப்பைக் கேட்டிருக்க முடியாது. நீங்க கேட்டுச் சொல்லலை சார். படிச்சுச் சொன்னீங்க."

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துப் போனது. வெளியே போக ஷட்டர் வழிதான் உண்டு. ஷட்டர் அவர்களுக்குப் பின்னால் இருபது அடியில் திறந்திருந்தது. இருபது அடி என்பது எவ்வளவு தூரம் என்று வாய் கண்ணால் அளந்தான்.

அப்போது காருக்குள்ளிருந்து கூலிங்கின் மனைவி சொன்னாள், சாதாரணமாக, பழக்க தோஷத்தில்:

"நிறுத்திட்டேன் அண்ணா."

"எதை?"

"ஏசியை. ரெண்டு தட்டு தட்டினீங்களே."

வாய் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் துடைப்பத்தைப் பிடித்திருந்தன.

"நான் தட்டலை தங்கச்சி."

 அந்த ஷெட்டில் தட்டத் தெரிந்தவர்கள் யார் யார் என்று ஸ்டெனோவின் மனம் எண்ணியது. எண்ணி முடிப்பதற்குள் மறுபடி கேட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கம். மெல்ல. தெளிவாக.

தட். தட்.

நிறுத்து.

கூலிங்கின் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷம் அவள் கேட்ட தட்டு. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடக் கொஞ்சம் பலமாக விழும். அவள் கத்த வாயைத் திறந்தாள். 

"எலி," என்றார் காண்டிராக்டர்.

"எண்ணத் தெரிஞ்ச எலி சார்," என்றான் வாய்.  "ஸ்கூலுக்குப் போயிருக்கு."

காண்டிராக்டர் சுவரில் சாய்த்திருந்த ஜாக் கம்பியை எடுத்தார். கோபமாக எடுக்கவில்லை. குடையை எடுப்பதுபோல எடுத்தார். அவர்களைப் பார்த்தபடியே தாண்டி, பின்னோக்கி நடந்து போய், ஒரு கையால் ஷட்டரை இழுத்துக் கீழே விட்டார். தெரு மறைந்தது. கூரையில் ஒரே ஒரு மங்கல் பல்பு. இன்ஜின் புகைக்கு இனி வெளியே போக வழியில்லை.

திரும்பி வந்தார்.

"ரொம்ப புத்திசாலி மேடம் நீங்க. நேத்து அவனும் அப்படித்தான். கீழ படுத்தான், எந்திரிச்சான், முகம் மாறிப்போச்சு. 'சார், சாமான் வாங்கிட்டு வரேன்'னான். பையை விட்டுட்டு எவனாவது சாமான் வாங்கப் போவானா? எனக்குத் தெரியாதா? நானும் வேலை செஞ்சு முன்னுக்கு வந்தவன்தான்."

"அந்தக் காவலாளிகூட வேலை முடிஞ்சுதான் போயிட்டிருந்தார்."

"அவன் குறுக்க வந்தான்." அதை அவர் நூறு முறை தனக்குத்தானே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை தேய்ந்து போயிருந்தது. "என்ன பண்ணணும்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஒருத்தனை ஒளிச்சு வைக்கிறதே கஷ்டம். இப்ப நாலு பேர்."

அவர் பாக்கெட்டிலிருந்து வேறொரு சாவியை எடுத்து, பக்கவாட்டில் நின்றபடியே மரக்கதவின் பூட்டைத் திறந்தார். பூட்டைக் கொண்டியிலேயே மாட்டி விட்டார். கதவு வெளிப்பக்கம் திறந்தது. திறந்த வேகத்தில், உள்ளே அதில் சாய்ந்திருந்த ஒரு உடம்பு சரிந்து வெளியே விழுந்தது.

கூலிங். கை பின்னால் ஒயரால் கட்டியிருந்தது. கால் இரண்டும் ஏசி ஹோஸால் சேர்த்துக் கட்டியிருந்தது, அவனுடைய சொந்த ஹோஸ். வாயில் கறுப்பு இன்சுலேஷன் டேப். முட்டிகள் சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது. இன்ஜின் சத்தம் கேட்டதிலிருந்து சுவர்வரை புரண்டே வந்திருக்கிறான். அதற்குத்தான் அரை மணி நேரம்.

அவன் காரின் மூக்குக்குக் கீழே சிமென்ட் தரையில் கிடந்து ஸ்டெனோவைப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான். பானட் திறந்திருந்தது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். யார் என்றும் தெரிந்திருக்கும். இரண்டு தட்டினதும் 'நிறுத்திட்டேன்' என்ற குரலைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டிருந்தானே.

"தூக்குங்க அவனை," என்றார் காண்டிராக்டர். திறந்த வாசலுக்கு நேர் எதிரே, காருக்கு முதுகைக் காட்டி நின்றார். அன்று காலை அவர் முதுகைக் காட்டியது அதுதான் முதல் தடவை. ஜாக் கம்பியால் இருட்டைக் காட்டினார். "தூக்கிக்கிட்டு உள்ள போங்க. ரெண்டு பேரும்."

"நீங்க முதல்ல சார்," என்றான் வாய். "உங்க வீடு."

கம்பி அவன் காதை உரசிச் சுவரில் பட்டது. காரை பெயர்ந்து விழுந்தது. அதன்பிறகு வாய் வாயைத் திறக்கவில்லை.

காண்டிராக்டர் குரலை உயர்த்தினார். ஆனால் அன்பாக. "தங்கச்சி! இன்ஜினை நிறுத்திட்டு இறங்கி வாம்மா. உன் வீட்டுக்காரர் கிடைச்சுட்டார். பயப்படாத, வா."

காருக்குள் அவளுக்குத் தெரிந்தது பானட்டின் வெள்ளைத் தகடு மட்டும். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. சுவரில் இரும்பு மோதிய சத்தம் கேட்டது. பிறகு இந்த அன்பான குரல். கிடைச்சுட்டார் என்கிறது. உயிரோடா என்று சொல்லவில்லை. புகை கண்ணை எரித்தது. நிறுத்தச் சொல்கிறார். நிறுத்திவிட்டு இறங்கினால் பார்க்கலாம். அவள் கை சாவிக்குப் போனது.

கீழே, கூலிங் கட்டிய இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினான்.

டூப்ளிகேட் பம்பருக்குச் சத்தம் அதிகம்.

தட். தட். தட்.

அவள் கை சாவியை விட்டது. கால் ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை மிதித்தது.

மூடிய ஷெட்டுக்குள் இன்ஜின் அலறியது. தகரக் கூரை அதிர்ந்தது. பல்பு ஆடியது. நியூட்ரலில் நின்ற கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அது ஸ்டெனோவுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியும், கூலிங்குக்குத் தெரியும். காருக்கு முதுகைக் காட்டி நின்றவருக்கு மட்டும் தெரியாது. அந்த இன்ஜின் அந்தச் சத்தத்தோடு ஒரு மனிதன்மேல் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த ஷெட்டில் நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. முன்னால் இருந்த ஒரே திறந்த இடத்துக்குள் தாவினார். ஜாக் கம்பி கையிலிருந்து விழுந்து உருண்டது. உள்ளே ஏதோ டப்பாக்கள் சரிந்தன.

வாய் தோளால் கதவை அடித்து மூடி, அதன்மேல் முழு உடம்பையும் சாய்த்தான். ஸ்டெனோ கொண்டியைப் போட்டு, பூட்டை வளையத்தில் மாட்டி அமுக்கினாள்.

பூட்டு வழுக்கிக்கொண்டு திறந்தது. கதவு சட்டத்தோடு ஒட்டாததால் கொண்டி வளையத்துக்கு நேராக உட்காரவில்லை.

உள்ளேயிருந்து அந்த ஆறடி உடம்பு கதவில் வந்து மோதியது. வாயின் செருப்பு சிமென்டில் அரை அடி பின்னால் சறுக்கியது.

"அக்கா! சீக்கிரம்!"

மறுபடி அமுக்கினாள். மறுபடி வழுக்கியது.

"பிடிக்கல," என்றாள் ஸ்டெனோ. இருபத்தாறு வருஷத்தில் அவள் குரல் உடைந்து யாரும் கேட்டதில்லை. "டேய், பிடிக்கல."

"இடைவெளி அதிகம் அக்கா." வாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கதவைத் தன் எடை முழுவதாலும் சட்டத்தோடு சேர்த்து நெருக்கினான். "இப்ப."

அவள் இரண்டு கையாலும் பூட்டை அமுக்கினாள்.

டிக்.